போட்டிக் காலம் முடிந்த பின்னும்: ஏற முடியாத நாட்களில் குதிரையோடு தொடரும் உறவு

பிரித்தானியாவில் குதிரைப் போட்டிகளும் கண்காட்சிகளும் பெரும்பாலும் வசந்தத்தில் தொடங்கி செப்டெம்பரோடு ஓய்ந்துவிடும். ஒக்டோபர் இறுதியில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு நகர்த்தினால் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. புல்வெளி சேறாகிறது, தரை உறைகிறது, குதிரையில் ஏறுவதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. ஆனால் லாயத்தில் நிற்கும் குதிரைக்குப் பருவம் முடிந்த செய்தி தெரியாது. காலையில் அதற்குத் தீவனம் வேண்டும், தண்ணீர் வேண்டும், குளம்பைத் தூக்கிப் பார்க்க ஒரு கை வேண்டும்.

சவாரி மாடு வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திடலில் ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காக மாட்டை வருடம் முழுவதும் பார்த்தவருக்குத்தான் அதோடு உறவு இருக்கும்.

சிலருக்கு இந்தப் பருவம் மழையாலும் குளிராலும் மூடுவதில்லை. காலை இழந்தவர், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர், கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாதவர் ஆகியோருக்கு ஒரு நாளிலேயே எல்லாம் மூடிவிடுகிறது. போட்டி இல்லாத மாதங்களில் சவாரி செய்வோர் குதிரையோடு தொடர்பை விடாமல் இருக்கக் கையாளும் வழிகளும், காயப்பட்டவர்கள் குதிரையிடம் போகும் வழிகளும் பெரும்பாலும் ஒன்றே. அந்த வழிகளை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

இரண்டு பெண்கள்

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் குதிரைச் சவாரியில் தேர்ந்தவர். 1944இல், 23 வயதில், கர்ப்பிணியாக இருந்தபோது அவரைப் போலியோ தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் தாயின் இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தன. கைகளை உயர்த்துவது, தவழ்வது, ஊன்றுகோலில் நிற்பது என்று அவர் எல்லாவற்றையும் மறுபடி பழக வேண்டியிருந்தது. குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குக் கடைசிவரை பிறர் உதவி தேவைப்பட்டது.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் நடந்தது. குதிரையைத் துல்லியமாக நடத்திக் காட்டும் டிரெசாஜ் என்ற பிரிவில் பெண்களும் ஆண்களோடு சேர்ந்து போட்டியிட அப்போதுதான் முதன்முறையாக அனுமதித்தார்கள். ஜூபிலி என்ற குதிரையில் ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். தங்கம் வென்ற சுவீடன் வீரர் அவருக்குக் கைகொடுத்துப் பதக்க மேடைக்கு அழைத்துச் சென்றார். 1956இலும் ஹார்டெலுக்கு வெள்ளி கிடைத்தது. உடற்குறை உள்ளவர்களுக்குச் சவாரியைச் சிகிச்சையாகப் பயன்படுத்தும் எண்ணம் ஐரோப்பாவில் பரவுவதற்கு அவரது வெற்றி பெரிய உந்துதலாயிற்று.

மற்றவர் எமது காலத்தவர். 2016 மார்ச் 22இல் பிரசல்ஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்தபோது அமெரிக்கரான பியாட்ரிஸ் டி லவலெட் அங்கிருந்தார். அப்போது அவருக்கு 17 வயது. முழங்காலுக்குக் கீழே இரு கால்களையும் இழந்தார். முள்ளந்தண்டிலும் காயம், உடலில் தீக்காயம். அவர் வைத்தியசாலையில் இருந்த காலத்திலேயே அவரது குதிரை டீடீயை அவரைப் பார்க்கக் கொண்டுவந்தார்கள். பின்னர் அவர் டோக்கியோ பராலிம்பிக்கில் சவாரி செய்தார்.

இருவரின் கதையையும் பதக்கத்தோடும் போட்டியோடும் முடிப்பதுதான் செய்திகளின் வழக்கம். டி லவலெட்டின் கதையில் போட்டிக்கு முன்னால் வந்த ஒன்று உண்டு: வைத்தியசாலைக்கு வந்து நின்ற குதிரை. அன்று அவரால் அதில் ஏற முடியாது. ஆனாலும் உறவு அன்றே மறுபடி தொடங்கிவிட்டது.

குதிரையின் நடை உடலுக்கு என்ன செய்கிறது?

குதிரை நடக்கும்போது அதன் இடுப்பு மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் அசைகிறது. மனிதர் நடக்கும்போது எமது இடுப்பு அசையும் விதமும் ஏறத்தாழ இதுவே. ஆகவே முதுகில் அமர்ந்திருப்பவர் கால்களை ஊன்றாமலே அவரது இடுப்பும் முதுகும் நடப்பதுபோல அசைகின்றன. குதிரை நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு அடிகள் வைக்கும். 20 நிமிடத்தில் உடல் இரண்டாயிரம் முறை தன் சமநிலையைத் திருத்திக்கொள்கிறது. குதிரையின் உடல் எமது உடலைவிடச் சற்றுச் சூடானது. அந்தச் சூடும் ஒரே சீரான அசைவும் இறுகிய தொடைத் தசைகளை இளக்க உதவுகின்றன.

இயன்மருத்துவர்கள் இதைச் சிகிச்சையாகப் பயன்படுத்தும்போது குதிரையை ஓடவிடுவதில்லை. ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்துவார், இருவர் இரு பக்கமும் வருவார்கள். பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட சிறுவர்களின் சமநிலையும் உட்காரும் நிலையும் இதனால் மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மற்றப் பாதிப்புகளுக்கான சான்று இந்த அளவுக்கு வலுவானதல்ல. அறுந்த முள்ளந்தண்டு வடத்தைக் குதிரை ஒட்டவைக்காது. செயற்கைக் காலுக்கும் இயன்மருத்துவத்துக்கும் அது மாற்றும் அல்ல. அவற்றோடு சேர்ந்து வரக்கூடிய ஒன்று.

ஏறாத நாட்களின் வேலை

தேர்ந்த சவாரிக்காரர்கள் ஏற முடியாத மாதங்களில் செய்வதைத் தரை வேலை என்று சொல்லலாம். இதில் பெரும் பகுதியை உட்கார்ந்தபடியும் ஒற்றைக் கையாலும் செய்யலாம்.

தேய்த்துவிடுதல்: முதலில் வட்டத் தூரிகையால் சேற்றையும் உதிர்ந்த மயிரையும் கிளப்பி, பிறகு மென்தூரிகையால் துடைப்பார்கள். வீக்கம், சூடு, சிறு வெட்டுக்காயம் எல்லாம் இந்த நேரத்தில்தான் கைக்குத் தட்டுப்படும். தோளையும் கையையும் பலப்படுத்த வேண்டியவர்களுக்கு இதுவே நல்ல பயிற்சி.

குளம்பு பார்த்தல்: அடிக்குழியில் அடைத்த மண்ணையும் கல்லையும் தினமும் எடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி இலாடத்தைப் பார்க்க அதற்குரிய தொழிலாளி வருவார். போட்டி இல்லை என்பதற்காக இதைத் தள்ளிப்போட முடியாது.

தீவனமும் தண்ணீரும்: குதிரை தன் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு தீவனத்தை ஒரு நாளில் உண்ணும். 500 கிலோ குதிரைக்கு அது ஏறத்தாழ 10 கிலோ. அதில் பெரும்பகுதி புல்லும் வைக்கோற்புல்லுமாக இருக்க வேண்டும். வேலை குறைந்தால் தானியத்தையும் குறைக்க வேண்டும், ஆனால் ஒரே நாளில் அல்ல, படிப்படியாக. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாத தீவனம் வயிற்றுவலியாக மாறி உயிரையே பறிக்கலாம்.

கயிற்றில் நடத்துதல்: நில், நட, பின்வாங்கு, திரும்பு என்ற நான்கையும் கயிற்றில் பழக்குவது. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு விரலையும் கையையும் கொண்டுபோய்விடும். ஒரு கை மட்டும் உள்ளவர்கள் இதை இரட்டிப்பு மடங்கு நினைவில் வைக்க வேண்டும்.

குதிரையின் மொழி: அதன் கண்கள் தலையின் பக்கங்களில் உள்ளன. சுற்றியுள்ள எல்லாமே பெரும்பாலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. ஆகவே தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்க வேண்டும். காது பின்னால் ஒட்டிப் படுத்தால் கோபம். ஒரு பின்காலைத் தளர்த்தித் தலை தாழ்த்தி நின்றால் ஓய்வு. சக்கர நாற்காலியில் வருபவர், குதிரை நாற்காலியைப் பார்த்து மணந்து பழகும்வரை சற்றுத் தள்ளியே காத்திருக்க வேண்டும். சுவருக்கும் குதிரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்கக் கூடாது.

குதிரை இல்லாத இடத்தில்

சவாரிக்குத் தேவையான உடலை வீட்டிலேயே தக்கவைக்கலாம். இயன்மருத்துவ நிலையங்களில் உள்ள பெரிய காற்றுப் பந்தின்மேல் உட்கார்ந்து இடுப்பை நான்கு பக்கமும் மெதுவாகச் சாய்த்துப் பழகுவது முதல் வழி. ஒரு காலை இழந்தவரின் உடல் எடை இயல்பாகவே மற்றப் பக்கம் சாயும். கண்ணாடி முன் அமர்ந்து இரு தோள்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரப் பழகுவது சேணத்தில் உதவும், செயற்கைக் காலில் நடக்கவும் உதவும். இவற்றை ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யவேண்டும்.

மேலைநாடுகளில் சில நிலையங்களில் இயந்திரக் குதிரைகளும் உண்டு. மின்விசையால் நடையின் அசைவைக் காட்டும் இவை மிரளாது, பாயாது. முதன்முறை ஏறுபவருக்கும் நெடுநாள் இடைவெளிக்குப் பின் திரும்புபவருக்கும் பயம் தெளிய இவை பயன்படுகின்றன.

முதுகில் உட்காரவே முடியாதவர்களுக்கு வண்டி ஒரு வழி. பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரை வண்டிகளில் சாய்தளம் உண்டு. சக்கர நாற்காலியோடு வண்டியில் ஏறி, அதிலிருந்தபடியே கடிவாளத்தைப் பிடித்து ஓட்டலாம். பக்கத்தில் பயிற்றப்பட்ட ஒருவர் இரண்டாவது கடிவாளத்தோடு இருப்பார்.

ஏறுமுன் கேட்க வேண்டியவை

எந்தப் பாதிப்பு உள்ளவராயினும் முதலில் தன் வைத்தியரிடம் கேட்டே குதிரையில் ஏற வேண்டும். போரில் காயப்பட்டோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை இவை:

• உடலில் எறிகணைச் சிதறல் இன்னும் இருந்தால், அது முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ அருகில் உள்ளதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

• முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்குப் படுக்கைப் புண் இருந்தால், அது ஆறும்வரை ஏறவே கூடாது. புண் இல்லாதவர்களும் சேணத்தின்மேல் மெத்தென்ற விரிப்போடு, குறுகிய நேரமே அமர வேண்டும். உணர்ச்சி இல்லாத இடத்தில் தோல் சிவந்தாலும் தெரியாது. இறங்கியதும் ஒருவர் பார்க்க வேண்டும்.

• நெடுங்காலம் ஊன்றாத கால்களில் எலும்பு மெலிந்திருக்கும். சிறு விழுகையிலும் முறியலாம்.

• கட்டுப்பாட்டில் இல்லாத வலிப்பு, உறுதியற்ற முள்ளந்தண்டு, இரத்தம் உறையாமல் இருக்கப் பாவிக்கும் மருந்து ஆகியவை இருந்தால் வைத்தியரின் தெளிவான சம்மதம் இன்றி ஏறக்கூடாது.

• லாய மண்ணில் ஏற்புவலிக் கிருமி இருக்கும். ஏற்புத் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். கால்முனையில் காயம் உள்ளவர் அதை மூடிக் கட்டாமல் லாயத்துக்குள் போகக் கூடாது.

• குதிரையின் இடப்பக்கத்தால் ஏறுவது பழைய வழக்கம். வாளை இடப்பக்கம் கட்டிய போர்வீரரிடமிருந்து வந்தது என்பார்கள். இடக்காலை இழந்தவர் வலப்பக்கத்தால், உயர்ந்த மேடையிலிருந்து ஏறலாம். நன்கு பழக்கிய குதிரை இரு பக்கமும் ஏற்றுக்கொள்ளும்.

• செயற்கைப் பாதம் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளலாம். முன்பக்கம் மூடிய அங்கவடி வேண்டும். காலையோ உடலையோ சேணத்தோடு இறுகக் கட்டக் கூடாது. விழுந்தால் உடனே பிரியும் ஒட்டுப்பட்டியே பாதுகாப்பு.

• தலைக்கவசம் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. ஏறுபவரும் சேணமும் சேர்ந்த எடை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கால்களால் சைகை கொடுக்க முடியாதவர்கள் இரு கைகளிலும் மெல்லிய நீண்ட கோல் வைத்திருப்பார்கள். காலின் அழுத்தத்துக்குப் பதில் கோலின் தொடுகை. 1996 அட்லாண்டாவிலிருந்து பராலிம்பிக்கில் டிரெசாஜ் இடம்பெறுகிறது. பாதிப்பின் அளவைப் பொறுத்து வீரர்களை ஐந்து தரங்களாகப் பிரிக்கிறார்கள். மிகக் கடுமையான பாதிப்பு உள்ள முதல் தரத்தில் முழுப் போட்டியும் நடையிலேயே நடக்கும். பிரித்தானியாவின் லீ பியர்சன் பிறவியிலேயே மூட்டுகள் இறுகியவர். இந்த விளையாட்டில் 14 பராலிம்பிக் தங்கங்கள் வென்றவர்.

மனதின் காயம்

குதிரை வேட்டையாடப்படும் இனத்தில் வந்தது. திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளும், ஓடத் தயாராகும், பிறகு சுற்றிப் பார்த்து அடங்கும். வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு படபடப்பவர்களுக்கு இது அந்நியமான இயல்பல்ல. பதற்றத்தோடு நெருங்கினால் குதிரையும் தலையைத் தூக்கி விலகும். மூச்சைச் சீராக்கி நின்றால் அதுவும் பெரும்பாலும் அடங்கும். தன் உடலில் நடப்பதை ஒருவர் வெளியிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அது.

நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில், போரின் மனவடுவோடு வாழும் 63 முன்னாள் படையினர் வாரம் ஒருமுறை எட்டு வாரங்கள் குதிரைகளோடு பழகினார்கள். ஒருவரும் ஏறவில்லை. தேய்த்தார்கள், நடத்தினார்கள், கூட நின்றார்கள். பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு இது என்பதால் முடிவைப் பெரிதாக்கக் கூடாது. மேலும் அவர்கள் சம்பளத்தோடு போருக்குப் போய்த் தம் நாட்டுக்குத் திரும்பியவர்கள். பதுங்குகுழியிலிருந்து முகாமுக்குப் போன மக்களின் காயம் வேறு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயின் துயருக்கு வேண்டியது பதில். அந்த இடத்தைக் குதிரையாலோ எந்தச் சிகிச்சையாலோ நிரப்ப முடியாது.

கூட நடப்பவர்கள்

பிரித்தானியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரிச் சங்கம் 1969இல் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் அதன் நூற்றுக்கணக்கான குழுக்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு ஜூலையிலும் ஹார்ட்புரி என்ற இடத்தில் தேசியப் போட்டி நடக்கும். மற்ற மாதங்களில் நடப்பதே பெரிய வேலை: வாராந்த வகுப்புகள், வண்டியோட்டம், ஞாபகமறதியால் பாதிக்கப்பட்ட முதியோர் குட்டைக் குதிரையோடு அமர்ந்து தேநீர் அருந்தும் சந்திப்புகள்.

ஒருவர் சவாரி செய்ய மூவர் வரை கூட நடக்க வேண்டியிருப்பதால் இக்குழுக்கள் தன்னார்வலர்களை நம்பியே ஓடுகின்றன. கூட நடப்பவருக்குச் சவாரி தெரிந்திருக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அருகிலுள்ள குழுவை விசாரிக்கலாம். பிள்ளை இல்லாதவர்களும் வாரத்தில் இரண்டு மணித்தியாலம் கொடுக்கலாம். குளிர் மாதங்களில்தான் ஆட்கள் அதிகம் குறைகிறார்கள்.

எமது மண்ணின் குதிரைகள்

வடக்கில் குதிரை என்றதும் நினைவுக்கு வருவது நெடுந்தீவுதான். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கிய குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்று அங்கே கட்டுப்பாடின்றித் திரிகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வறட்சிக் காலங்களில் தண்ணீரின்றி அவை மெலிவதும் மடிவதும் பலமுறை செய்தியாகியுள்ளன.

அவை பழக்கப்படாத குதிரைகள். ஏறவோ துரத்தவோ முயல்வது இரு தரப்புக்கும் ஆபத்து. சிகிச்சைக்குரிய குதிரையை உருவாக்கப் பல மாதப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். ஆனால் ஏறாமல் உறவு வைத்திருக்க அங்கேயும் வழி உண்டு. போகிறவர்கள் தூரத்தில் நின்று பார்க்கலாம். பாணும் பிஸ்கற்றும் எறியாமல் இருக்கலாம். கொண்டுபோன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவரலாம். கோடையில் தண்ணீர்த் தொட்டிகள் நிரம்பியிருக்கின்றனவா என்று பிரதேச அலுவலர்களிடம் கேட்கலாம்.

மறுபடி ஏறும்போது

நெடுநாள் ஓய்வில் இருந்த குதிரையை மறுபடி பழக்குபவர்கள் முதல் சில வாரங்கள் நடையை மட்டுமே கொடுக்கிறார்கள். தசை விரைவில் தேறிவிடும், மூட்டும் தசைநாணும் தேற அதிக காலம் எடுக்கும். அவசரப்படுத்தினால் ஒரு வருடம் போய்விடும். காயத்துக்குப் பின் திரும்பும் மனிதருக்கும் பயிற்சியாளர்கள் இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள்: முதல் நாள் தொட்டுப் பார்ப்பது, பிறகு தேய்ப்பது, பிறகு நடத்துவது, கடைசியாகவே ஏறுவது. கடைசிப் படிக்குப் போகாமல் மூன்றாவதிலேயே நின்றுவிடுபவர்களும் உண்டு. அவர்களும் மறுவாரம் லாயத்துக்கு வருகிறார்கள்.